மாதுளைக் கூடையில் தொங்கிய அட்டை

என் அண்ணன் பழக்கடைக்காரர். பெட்டியைப் பிரித்ததும் ஒரு பழத்தை அறுத்துத் தானே தின்று பார்த்த பிறகுதான் விற்பார். புளித்தால், "இன்னிக்கு ஆரஞ்சு வேணாம்மா, நாளைக்கு வாங்க" என்று வாய்விட்டே சொல்லிவிடுவார். முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது.

போன வருஷம் மொத்த வியாபாரி பெட்டிகளோடு வண்ண அட்டைகளையும் அனுப்பினான். மாதுளைக்கு, 'சர்க்கரை நோய் ஓடியே போகும்'. கொய்யாவுக்கு, 'இதயத்துக்கு இனி மாத்திரை எதற்கு?' அடியில் வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ ஒருவரின் சிரிப்பு. அண்ணன் கூடைக்கு ஒன்றாக மாட்டினார்.

அவருக்கே பத்து வருஷமாகச் சர்க்கரை. மதியம் கடையில் உட்கார்ந்துதான் மாத்திரை போடுவார். அட்டை வந்த மறுவாரம் அதை நிறுத்தியிருக்கிறார். கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் அண்ணி போனில் அழுதார். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் என்னால் கத்தத்தான் முடிந்தது.

"ஏண்ணே, உனக்கு மூளை இருக்கா?"

"கத்தாதடா. அட்டையை மாட்டிட்டு, அதுக்கடியிலேயே மாத்திரை முழுங்கினா வாங்குறவங்களை ஏமாத்துற மாதிரி இல்ல?"

அண்ணி போனைப் பிடுங்கினார். "ஊருக்கெல்லாம் உண்மை! என்கிட்ட மட்டும் மாத்திரை போட்டாச்சுன்னு தினம் ஒரு பொய்!"

விரல் போயிற்று, கால் தப்பியது. "பழம் நல்லதுதான், தினம் ஒரு கொய்யா சாப்பிடுங்க. ஆனா அது சாப்பாடு, மருந்து இல்ல" என்றாராம் டாக்டர். இவ்வளவுதான் விஷயம். இதை ஒரு அட்டையில் அச்சடிக்க எவனுக்கும் மனசில்லை.

மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "மாத்திரையை நிறுத்தச் சொல்லி நாங்களா சார் கையைப் பிடிச்சு இழுத்தோம்?" என்று சிரிக்கிறான்!

கட்டுப் பிரிக்காத காலோடு அண்ணன் கடைக்குத் திரும்பினார். முதல் வேலையாக அட்டைகளைக் கிழித்தார். அன்றைக்கு வழக்கமாக வரும் டீச்சரம்மா, "அந்தச் சர்க்கரைக்கு நல்ல மாதுளை ஒரு கிலோ" என்றிருக்கிறார்.

"இனிப்பா இருக்கும்மா, உடம்புக்கும் நல்லது. ஆனா சர்க்கரையைப் போக்காது."

"பழம் சரியில்லைன்னா நேரா சொல்லுங்களேன்" என்று அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அங்கே அதே அட்டை தொங்கியது. அண்ணன் நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்தார்.

"அம்மா, எங்க வேணா வாங்குங்க. மாத்திரை போடுறீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

"நிறுத்தி நாலு மாசமாச்சு. நீங்கதானே அட்டை மாட்டியிருந்தீங்க?"

அண்ணன் அன்று கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார்.