தொடைக்கடியில் வைத்த கைகள்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் விழுப்புரத்தில் சொந்தமாக ஸ்கேன் சென்டர் கட்டி, யார் யோசனையும் கேட்காமல் நடத்துகிறேன். அங்கே ஒரே சர்வர் பெட்டிக்குள், மென்பொருளாகவே நான்கு கம்ப்யூட்டர் ஓடும். அவற்றை அப்படியே நகலெடுக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஒரு வாரமாகப் படுத்துக் கிடக்க, அதைச் சரிசெய்யத் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒடிசலான உடம்பு, கழுத்தில் சிலுவை. கீபோர்டில் ஒரு கட்டளையைத் தட்டிவிட்டால், அது முடியும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்.

“பழைய ஸ்னாப்ஷாட் ஒண்ணு மாட்டிக்கினு இருக்குதுங்க. அதை மெயின் டிஸ்க்கோட சேத்தாதான் பேக்கப் ஓடும். நடுவுல நின்னுச்சுன்னா நோயாளிங்க படம் மொத்தமும் போயிடும். வேற காப்பி இல்ல. சேக்கட்டுமா?”

“உன் வேலைய்யா அது. என் தலையில பழியைப் போடப் பாக்குறியா?”

“நீங்க சொன்னாதான் தட்டுவேங்க.”

எதற்கும் தயங்காத நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“வாயால சொல்லுங்க.”

“சரி, சேத்துடு.”

நல்லபடியாகச் சேர்ந்தது. பேக்கப்பும் ஓடியது. அவர் கைகள் மட்டும் வெளியே வரவில்லை.

“அதான் முடிஞ்சுடுச்சே, டீயைக் குடிய்யா. ஏன் இப்படி பயந்துக்கினு இருக்க?”

“போன தடவை வேற ஒரு ஸ்கேன் சென்டர்ல, யாரையும் கேக்காம நானே தட்டிட்டேங்க.”

அங்கே என்ன போயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். யாருடைய படங்களோ, இன்றும் அது என்னை அரிக்கிறது.