பை வைத்த குர்த்தா

என் அக்கா தானே வரைந்து, தானே வெட்டித் தைத்த உடுப்புகளை விற்க, ஜாதவ்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். அதே ஊரின் சால்ட் லேக் பகுதியில் பார்த்த நல்ல வேலையை அதற்காகவே விட்டாள். ஏன் என்று வீட்டில் கேட்டபோது, "பொம்பளைங்க துணியில உருப்படியா ஒரு பை இல்ல. அதை நான் சரி பண்ணப் போறேன்" என்றாள்.

அவள் குர்த்தாவின் இடுப்பு மடிப்புக்குள் பை ஒளிந்திருக்கும். போன், சாவி, மடக்குக் குடை எல்லாம் போட்டாலும் வெளியே தெரியாது. முதலில் மாணவிகள் வந்தார்கள், பிறகு அவர்களுடைய அம்மாக்கள். பூஜைப் பண்டிகைக்கு ஊரே சிவப்பில் புதுத்துணி தேடும்போது அவள் கடுகு மஞ்சளை முகப்பில் மாட்டுவாள். வங்காளப் பெண்கள் அக்கா முறை வைத்து, "தீதி, சிவப்பு இல்லையா?" என்று கேட்டால், "இதைப் போட்டுப் பாத்துட்டுக் கேளுங்க" என்பாள். பலர் திரும்பக் கேட்டதில்லை.

ஒருமுறை காளிகாட்டில் ஒரு பெரிய கடை வாசலில் அதே குர்த்தா தொங்கியது. நிறம், மடிப்பு, பை எல்லாமே அவளுடையது. எனக்குக் கொதித்தது. அவளோ உள்ளே போய் அதைப் போட்டுப் பார்த்தாள். பைக்குள் போனை வைத்ததும் துணி ஒரு பக்கமாக இழுத்தது.

கடைக்காரரை அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, "தாதா, பையை ஓரத் தையலோட விட்டுட்டீங்க. இடுப்புத் தையல்லயும் பிடிக்கணும். இல்லன்னா கிழிஞ்சிடும்" என்றாள்.

"நீங்க யாரு?"

"இதை வரைஞ்சவ."

அவர் பையின் தையலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்களுக்கே வரைந்து தருகிறீர்களா என்று கேட்டார். "எனக்குக் கடை இருக்கு" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆட்டோவில் நான் சண்டை போட்டேன். "திருடினவருக்கே சொல்லிக் குடுத்துட்டு வர்றியே அக்கா!"

"அது கிழிஞ்சா, பை வச்ச குர்த்தாவே மோசம்னு பேசுவாங்கடி. அவர் இதைத் தைக்கட்டும். நான் அடுத்ததை வரைஞ்சாச்சு."

அடுத்தது புடவைக்குள் கட்டும், பை வைத்த பாவாடை. அதற்குப் பிறகு கடைக்கு விளம்பரமே தேவைப்படவில்லை.

நோய் வந்து அவள் போனபின் கடையை நான் எடுத்து நடத்துகிறேன். எனக்கு வரைய வராது. அவளிடம் தைத்துக்கொண்டிருந்த பெண்தான் வரைகிறாள். இந்தப் பூஜைக்கு அவள் வரைந்தது கிளிப்பச்சையில் அகலக் கை வைத்த சட்டை. அக்கா அப்படி வரைந்திருக்கவே மாட்டாள்.

"இது போகுமா?" என்றார் வாடகை வாங்க வந்த கட்டடச் சொந்தக்காரர்.

"போகும்" என்று முகப்பில் மாட்டினேன்.