ஒட்ட மறுத்த அரை நிமிடம்

வியன்னாவில் அந்த இசைக்குழுவுக்கு ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். மாலையில் ஓபரா இசைநாடகத்துக்கு வாசிக்கப் போக வேண்டியவர்கள் அவர்கள். இசைத்தட்டுக்காக எப்பேர்ப்பட்ட கலைஞர் வந்து பியானோ வாசித்தாலும், ஐந்து அடித்ததும் வயலினைப் பெட்டியில் வைத்து எழுந்துவிடுவார்கள். 1962 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மணி மூன்றே முக்காலுக்கே எர்னா ஹவ்லிசெக்கின் கண் கடிகாரத்தின் மேல்தான் இருந்தது.

எர்னா ஒலிநாடா வெட்டி ஒட்டுகிறவள். வியன்னாவின் ஒட்டாக்ரிங் பகுதியில் தையற்காரியின் மகளாகப் பிறந்து, போர் முடிந்த பிறகு வானொலி நிலையத்தில் இந்த வேலையைப் பழகினாள். அவள் கத்தரிக்கோல் பித்தளை. இரும்பு என்றால் காந்தம் ஏறி, வெட்டிய இடத்தில் 'டிக்'கென்று கேட்கும். பதினான்கு வருஷத்தில் ஒரே முறைதான் தவறினாள். சரியாக ஒட்டிவிட்டது என்று அவசரத்தில் சொல்லிவிட்டாள். தட்டு வெளிவந்த மூன்றாம் வாரம், கிராட்ஸிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், ஒட்டு எங்கே தெரிகிறது என்று நிமிஷம் நொடியோடு கடிதம் போட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். எர்னாவுக்கு வேறு வேலை தெரியாது.

அன்று காலை அரங்கம் குளிர்ந்து கிடந்தது. பதிந்தது, பியானோவும் இசைக்குழுவும் மாறிமாறி வாசிக்கும் ஒரு கான்செர்டோவின் இரண்டாம் பகுதி, ஈ பிளாட் மேஜர் சுருதியில். பியானோ கலைஞர் பேர்ன்டல் அதை, நோயாளி தூங்கும் அறையில் நடப்பதுபோல, அவ்வளவு மெதுவாக வாசித்தார். முடிவுக்குச் சற்று முன் மட்டும் அவர் மோதிரவிரல் வழுக்கிவிட்டது. அந்த அரை நிமிடத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி வாசித்தார்கள். இதற்கிடையில் அரங்கத்தில் சூடு போட்டிருந்தார்கள். சூட்டில் ஓபோ குழலும் புல்லாங்குழலும் சுருதி ஏறிவிட்டன; அவற்றோடு சேர பியானோவையும் ஏற்றிக் கட்டினார்கள். காலையில் பதிந்த நாடா கீழ்ச் சுருதியிலேயே கிடக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எர்னா பின்னறையில் இரண்டு பதிவுகளையும் பிரதி எடுத்துச் சும்மா சேர்த்துப் பார்த்தாள். சேரும் இடத்தில் இசை திடுக்கென்று மேலே குதித்தது.

பதிவுக்குப் பொறுப்பான டாக்டர் கிர்ஷ்னர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார். "ஒட்டிரும் ஃப்ராவ் எர்னா. இதைவிட மோசமானதை எல்லாம் ஒட்டியிருக்கீங்க" என்றார்.

அவள் பிற்பகல் பதிவைப் பிரதி எடுக்கும் கருவியில் நாடாவை இழுக்கும் உருளையைச் சுற்றி ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றினாள். உருளை பருத்தால் நாடா வேகமாக ஓடும். அப்படிப் பதிந்ததை வழக்கமான வேகத்தில் போட்டால் சுருதி இறங்கும். இறங்கியது, மயிரிழை பிசகாமல். ஆனாலும் ஒட்டவில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் பிடிபட்டது. காலையில் பியானோ நின்றதும், வயலின்கள் பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. பிற்பகலில் அது இல்லை. பேர்ன்டலுக்கு ஆறே காலுக்குச் சூரிச் ரயில்.

"சுருதி சேந்துடுச்சு, ஹெர் டாக்டர். வேகம் சேரல. மறுபடி வாசிக்கணும்."

"அறுபது பேரையும் திரும்ப உக்காரச் சொல்றீங்களா? அப்பவும் ஒட்டலைன்னா உங்க வேலையும் போச்சு, என் மானமும் போச்சு."

"இப்பவே ஒட்டிடுச்சுன்னு சொல்லி, அப்புறம் யாராவது கடிதம் போட்டா என் வேலை மட்டும்தான் போகும். அப்படித்தானே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு முப்பத்தைந்து. அவள் எழுந்து அரங்கத்துக்குள் போனாள்.

ஹார்ன் வாசிக்கும் செமானெக் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். "கத்தரிக்கோல் அம்மா வந்துட்டாங்க. இன்னிக்கு யார் தலையோ" என்றதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். பேர்ன்டல் மேல்கோட்டுப் போட்டு நின்றார். விஷயத்தைக் கேட்டதும், ஒரு சுரம்கூடத் தப்பவில்லையே என்று கோபமாகக் கேட்டார்.

"தப்பலை, ஹெர் பேர்ன்டல். ரயிலைப் பிடிக்கிற மாதிரி வாசிச்சீங்க."

பேர்ன்டலின் காது சிவந்தது. எர்னா ஒன்றே ஒன்று கேட்டாள்: காலையில் வாசித்ததில் கடைசி ஒரு நிமிடத்தை எல்லோரும் இங்கேயே கேட்கவேண்டும், பிறகு ஒரே ஒரு தடவை வாசித்தால் போதும். மறுப்பு வருவதற்குள் ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

பாதி கேட்கும்போதே பேர்ன்டல் கோட்டைக் கழற்றினார். செமானெக் பெட்டியைத் திறந்தார். நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்னா பின்னறையில் காதுக்கருவியைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு முறைக்கு நேரமில்லை. பியானோ நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. வயலின்கள் வராமல் போய்விடுமோ என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு வந்தன.

கடைசி ஒலி அடங்கியதும் நாற்காலிகள் உரசும் சத்தம் கேட்டது. அவள் அதே பருத்த உருளையில் பிரதி எடுத்து, சாய்வாக வெட்டி, ஒட்டினாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். கிர்ஷ்னர் உட்காராமல் கேட்டார். தொப்பியும் கையுமாக வந்த பேர்ன்டலும் கதவருகே நின்று கேட்டார்.

நாடா ஓடி முடிந்தது.

"எங்க ஒட்டினீங்க?" என்றார் கிர்ஷ்னர். அவள் கத்தரிக்கோலை உறையில் போட்டாள்.

"காலையில நான் இவ்ளோ மெதுவாவா வாசிச்சேன்?" என்று பேர்ன்டல் கேட்டார்.

"இப்பவும்தான், ஹெர் பேர்ன்டல்."

அவர் ரயில் நேரத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கிர்ஷ்னர் பேனாவைத் திறந்து, பதிவுத்தாளில் ஒட்டுக்குப் பொறுப்பு என்று இருந்த எர்னாவின் பெயருக்கு எதிரே தன் கையெழுத்தையும் போட்டார்.