உறங்கிய பிள்ளையின் அழுகை

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஜின் என்று ஒரு படைப்பு இருப்பதாக மார்க்கம் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது நம் வீட்டுக் குசினி வரை வந்துபோவதாக யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போது என் மகன் அர்ஷத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. விடியற்புறத்திலிருந்து கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுவான், கொஞ்சம் பொறுத்து ஒன்றும் நடக்காததுபோல் விளையாடுவான், பிறகு மறுபடியும் அதே அழுகை, குடித்த பாலெல்லாம் வாந்தி. என் கணவர் நசார் அறுவடைக்காக வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போயிருந்தார். நாங்கள் இருப்பது மருதமுனையில், மோட்டார் சைக்கிளில் வந்தாலும் நல்ல தூரம். பக்கத்து வீட்டு சுபைதா ராத்தாவைக் கூட்டிக்கொண்டு தெருமுனை டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயுதான் என்று பாணி மருந்து தந்து அனுப்பினார்.

மருந்துக்குப் பிறகு பிள்ளை அடங்கிப் படுத்துக்கொண்டான். ராத்தா தொட்டிலடியில் இருந்தார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவன் அழுவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

"ராத்தா, புள்ள அழுதானா?"

"இல்லகா. அசையாமக் கிடக்கான், நல்ல உறக்கம். நீயும் கொஞ்சம் சரிஞ்சி படு."

நான் படுக்கவில்லை. மூடிக்கிடந்த அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பினால் நம்புங்கள், அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுடைய அழுகைதான், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் அவன் வாய் அசையவில்லை. தூக்கினேன், துணியைத் தூக்கியதுபோல் துவண்டு வந்தான். இது உறக்கமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. கணவருக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்று நினைக்கிறேன், மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நிற்கிறது. உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு உள்ளே வந்தவர் என்னைத்தான் ஏசினார்.

"ஏன் புள்ளய இப்பிடி அழவிட்டுக்கிட்டு இரிக்காய்? வெட்டு மெசின் சத்தத்துக்குள்ளயும் கேட்டிச்சு. வழி முழுக்கக் கேட்டிச்சு."

"இஞ்ச பாருங்க. அவன் அழல்ல."

அவர் என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். குனிந்து அவன் வாயருகே காதை வைத்தார்.

"எனக்கு இப்பயும் கேக்குது," என்றார் மெதுவாக.

"எனக்கும்."

சுபைதா ராத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஓட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டொக்டர், வயது குறைந்த பெண், பொறுமையாகத்தான் பார்த்தார். காய்ச்சல் இல்லை, இப்போது அழவும் இல்லை, வார்டில் வைத்து நாளைக்குப் பார்ப்போம் என்றார். அழுகை என் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதை எப்படி அவரிடம் சொல்வது?

"இது உறக்கமில்ல டொக்டர். காலையில இரிந்த புள்ள இது இல்ல. எனக்குத் தெரியும்," என்றேன்.

"ஸ்கேன் எடுக்காம நாங்க இந்த இடத்தால அசைய மாட்டம்," என்றார் என் கணவர்.

டொக்டர் பிள்ளையின் வயிற்றை மறுபடியும் தொட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு ஸ்கேனுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தார். அந்த நேரம் அழுகை நின்றது. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன், அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கிடந்தது. ஆம்புலன்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் அன்றைக்கே ஒப்பரேஷன் செய்தார்கள். முடித்துவிட்டு வெளியே வந்த சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார்: "நோவு இல்லாம இல்ல, அழுறத்துக்குத் தெம்பு இல்லாமத்தான் அமைதியாகிக் கிடந்திரிக்கான். வீட்டுல வெச்சிரிந்தா அவனுக்கு விடிஞ்சிரிக்காது."

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளையோடு வீடு திரும்பினோம். சுபைதா ராத்தா கஞ்சி கொண்டுவந்தார். என் கணவர் வேலையாக வீட்டுக்குப் பின்னால் போனதும் ராத்தா என்னிடம் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்கே நீ திரும்பி வந்துட்டுப் போனதானே?"

"இல்ல ராத்தா. மட்டக்களப்புலதான் இரிந்தம்."

"பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பொறகு உங்கட வீட்டுக்குள்ள புள்ள அழுதிச்சே. நான் வந்து கதவத் தட்டினன். நீ உள்ளுக்குள்ள இரிந்து புள்ளட அழுகைய அமத்தினாய். உன்ட குரல்தான்கா."

கதவைப் பூட்டி, திறப்பை நான்தான் கையில் வைத்திருந்தேன். என்ன சொல்லி அமத்தினேன் என்று ஏன் கேட்டேனோ தெரியாது.

"'அழாத, அழாத, அவனக் கொண்டுபோயிட்டாங்க' எண்டு சொன்னாய்," என்றார் ராத்தா.

அர்ஷத் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வயிற்றில் தழும்பு இருக்கிறது, வேறு குறையில்லை. அதே வீட்டில்தான் இருக்கிறோம். அந்த அழுகை நம் பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்தது என்று என் கணவர் அடிக்கடி சொல்வார், நானும் ஓம் என்பேன். ராத்தா சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.