மின்சார ரயிலை நிறுத்திய மச்சான்

கண்டிக்கும் பேராதனைக்கும் இடையே மின்சார ரயில் ஓடும் என்று திருச்செல்வம் நம்பிய அளவுக்கு, அதற்கு உதவி தந்த நாட்டுக்காரர்களே நம்பியிருக்கமாட்டார்கள். எண்ணெய் விலை ஏறி நாடு திணறிய காலத்தில், ஐரோப்பாவின் குளிர்நாடு ஒன்று கம்பியும் தூணும் தர முன்வந்தது. மகாவலித் தண்ணீரில் பிறக்கும் மின்சாரம், புகை கக்காத வண்டி. பாலங்களின் அடியில் கம்பி போக இடமிருக்கிறதா என்று அளப்பது ரயில்வேயில் அவருடைய வேலை. வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்தும் அதே பேச்சுத்தான்.

"பாலம் ஆறாது, கறி ஆறிப்போகும். சாப்பிடுங்கோ" என்பாள் மனைவி கமலாசனி.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் சிங்களக் காடையர்கள் அவர்கள் இருந்த வீட்டைக் கொளுத்தினார்கள். கடைக்கார நளீர் இருவரையும் தன் வீட்டு மேல்மாடியில் வைத்துக் காப்பாற்றினார். கலவரம் அடங்கியதும் ரயில்வேக் கந்தோரில் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் தருவதாகச் சொன்னார்கள். தெரிந்த குடும்பங்களெல்லாம் போய்விட்டன. திருச்செல்வம் மாட்டேன் என்றார்.

"முதல் வண்டி ஓடினாப் பிறகு போவம். இப்ப போனா, அரைவாசியில விட்டிட்டு ஓடினான் எண்டுதான் சொல்லுவாங்கள்."

கமலாசனிக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் சின்ன வீடொன்று பார்த்து, எரியாமல் மிஞ்சிய சாமான்களோடு அவருடன் குடிபோனாள்.

மறுவருடம் மாசியில் பெரிய பொறியியலாளர் அவரைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். திட்டம் நின்றுவிட்டது. தமிழரை அடித்த அரசாங்கத்துக்கு உதவியில்லை என்று அந்த நாடு கைவிரித்துவிட்டதாம். வேறொரு நாடு டீசல் என்ஜின்களைக் கடனுக்குத் தருகிறதாம்.

"உதவியை நிறுத்தச் சொல்லி உங்களுடைய ஆட்களே அங்கே நின்று கேட்டிருக்கிறார்கள்" என்றார் சிங்களத்தில். குரலில் கோபமில்லை. அதுதான் திருச்செல்வத்துக்குச் சுட்டது.

அந்த ஞாயிறு நளீர் ஆளனுப்ப, இருவரும் கடைக்குப் போனார்கள். அங்கேதான் அவர்களுக்கு வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு வரும். அழைத்தது கமலாசனியின் தம்பி யோகேந்திரன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலமெல்லாம் திருச்செல்வம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். திட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவரைப் பிடித்து அவனை அந்த நாட்டுக்கு மேற்படிப்புக்கு அனுப்பியதும் அத்தான்தான்; படிப்பு முடிந்து இப்போது அங்கேயே வேலை.

"அத்தான், வெண்டிட்டம்" என்றான். "எல்லா உதவியையும் நிப்பாட்டிப் போட்டாங்கள். அக்கா அனுப்பின படங்கள்தான் அவையளை உலுக்கினது."

"என்ன படம்?"

"எரிஞ்ச வீட்டுப் படம். அக்கா சொல்லேல்லையே?"

திருச்செல்வம் திரும்பிப் பார்த்தார். கமலாசனி அரிசி மூட்டையருகே நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எங்கட ரயிலும் நிண்டுபோச்சு. தெரியுமே?"

"தெரியும் அத்தான். அதை மட்டும் விடச் சொல்லிக் கேக்கேலுமே? சனம் சாகேக்க ரயில் பெரிசே?"

திருச்செல்வம் அவன் சொன்னதில் பிழை தேடினார். அகப்படவில்லை.

"நீ வேலைக்கு எதில போறாய்?"

"கரண்டில ஓடுற ட்ராமில. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா." தொலைபேசியை மனைவியிடம் நீட்டிவிட்டு வெளியே வந்தார்.

"என்ன சேர், மச்சினனோட அதுக்குள்ள பேசி முடிஞ்சிட்டா? தேத்தண்ணி ஒண்டு குடிங்களே" என்றார் நளீர்.

"வேண்டாம் நளீர்."

இருவரும் ஏற்றத்தில் வீட்டுக்கு நடந்தார்கள். கதவைத் திறந்துகொண்டே கமலாசனி சொன்னாள்: "பத்திரிகையில போடத்தான் கேக்கிறான் எண்டு நினைச்சன். சத்தியமா உங்கட ரயில் நினைவிலயே வரேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அனுப்ப விடமாட்டியள்."

அது உண்மை. அவருக்கும் அது தெரியும்.

பிறகு அவளே கேட்டாள்: "அப்ப இனி யாழ்ப்பாணத்துக்குப் போவமே?"

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. என்னை டீசல் களஞ்சியத்துக்குப் போகச் சொல்லியிருக்கினம்."

அவள் அடுப்படிக்குள் போய் அவருக்குச் சோறு போட்டுவந்து வைத்தாள். அன்று கறி ஆறமுன்னே அவர் சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த தரம் நளீர் ஆளனுப்பியபோது கமலாசனி தனியாகத்தான் போனாள். தம்பி என்ன சொன்னான் என்று திருச்செல்வம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.