எஞ்சின் இல்லாத கப்பலில் ஆண்டியப்பன்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டியப்பனுக்கு அறவே பிடிக்காதது பெரட்டு. விடியுமுன் தப்படித்து எழுப்பி, பனியில் வரிசையாக நிற்கவைத்து, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வேலை பிரித்துக் கொடுக்கும் சடங்கு அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஒருநாள் வரிசையில் நின்றபடியே தூங்கி முன்னால் நின்றவன் முதுகில் சாய்ந்துவிட்டான். கண்டாக்கையா அவன் ஆத்தாளை இழுத்து வைதார். ஆண்டியப்பன் மண்வெட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

அங்கே வெள்ளைக்காரக் கடற்படையின் ‘ஹெரன்’ என்ற கப்பலில் சமையற்கட்டு வேலை கிடைத்தது. ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியதாம். யுத்தத்தில் படைகளைச் சுமந்ததாம். பிறகு எஞ்சினைக் கழற்றிவிட்டு, துறைமுகத்தில் சங்கிலியால் கட்டி, கரையில் இடமில்லாத மாலுமிகளை அதில் குடிவைத்துவிட்டார்கள். ஆண்டியப்பன் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் விடியுமுன் விசில் ஊதியது. மாலுமிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு தொரை பெயர் கூப்பிட்டார். இங்கேயும் பெரட்டா என்று ஆண்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

கப்பலில் வேலை என்று மட்டும் ஊருக்குச் சொல்லியனுப்பினான். பெண்டாட்டி மீனம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருமுறை நேரிலேயே வந்தாள். கரையில் நின்று பார்த்தால் வரிசையாகச் சன்னல்கள், கொடியில் காயும் கால்சட்டைகள், மேலே அடுப்புப் புகை.

“என்னங்க, நம்ம லயத்து வரிசை வீடு மாதிரியில்ல இருக்கு.”

“கப்பலு புள்ள.”

“எங்கெங்க போகும்?”

“போகாது. எஞ்சினு இல்ல.”

மீனம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஊருல கேட்டா நான் என்னங்க சொல்ல?”

“கப்பல்னே சொல்லு. பொய்யில்லையே.”

அப்படியே சொன்னாள். கூடவே லண்டனையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மார்கழி மாதப் புயலில் ஹெரன் உண்மையிலேயே கிளம்பிவிட்டது. சங்கிலி அறுந்து, தன் இஷ்டத்துக்குத் துறைமுகத்தின் குறுக்கே போயிற்று. நிறுத்தவும் வழியில்லை, திருப்பவும் வழியில்லை. மார்பு நிறையப் பதக்கம் குத்திய பெரிய தொரை சமையற்கட்டுக்குள் ஓடிவந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தார். பொகவந்தலாவை பஸ்ஸின் வளைவுகளில் பழகிய ஆண்டியப்பனின் வயிறு அசையவில்லை. சரிந்து வந்த சூப்பு அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, “தொரை, சூப்பு வேணுங்களா?” என்று கேட்டான். தொரை மறுபடியும் தொட்டியில் குனிந்தார். எதிர்க்கரைச் சேற்றில் புதைந்துதான் கப்பல் நின்றது. ஒரு வாரம் எல்லோரும் சாய்ந்த தரையில் சாய்ந்தபடியே சாப்பிட்டார்கள்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் தளத்தைக் காலி செய்தபோது ஹெரனைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். இழுவைப் படகொன்று அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. வெறும் இரும்புக்கு எதற்கு மனசு கலங்குகிறது என்று ஆண்டியப்பன் தன்மேலேயே எரிச்சல்பட்டான். ஆனால் அது கண்ணைவிட்டு மறைகிறவரை கரையைவிட்டு நகரவில்லை.

ஊருக்குத் திரும்பியவனுக்குத் தோட்டத்துத் தொரையின் பங்களாவில் சமையல் வேலை கிடைத்தது. கண்டாக்கையா பங்களாப் பின்வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவருக்கு ஆறிப்போன தேத்தண்ணியாகப் பார்த்துக் கொடுப்பான்.

அறுபத்துநாலில் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தம் வந்தது. தோட்டத்துச் சனங்களில் பாதிப்பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள், தலைமன்னாரில் கப்பல் ஏறவேண்டும் என்ற பேச்சு லயமெங்கும் பரவியது. கடலையே பார்த்திராத சனம். கப்பல் தெரிந்த ஒரே ஆளென்று எல்லோரும் ஆண்டியப்பனிடம் வந்தார்கள். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக் காளியாயி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“லண்டனுக்கெல்லாம் போயி வந்தவரு நீங்க. சொல்லுங்க தம்பி, கப்பலு முழுகிருமா?”

ஆண்டியப்பன் மீனம்மாவைப் பார்த்தான். அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

“நான் இருந்த கப்பலு முழுகல அக்கா. ஓடவும் இல்ல. அதுல எஞ்சினே கெடையாது.”

காளியாயி விடவில்லை. “அப்ப இதுவும் அப்படித்தான் இருக்குமோ?”

“இருக்காது அக்கா. நம்மள அனுப்புறதுக்குன்னா, எஞ்சினு உள்ளதாப் பாத்துத்தான் கொண்டாருவாங்க.”