கோவைக்கு, சென்னை வழியாக

மதுரை விமான நிலைய வாசலில் நிற்கிறேன். கோவைக்குப் பறக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பறக்கத்தான் நேர் விமானம் இல்லை. சென்னைக்குப் போய், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டும்.

பக்கத்தில் ஒரு குடும்பமே வேனில் வந்து புது மாப்பிள்ளையை வழியனுப்புகிறது. அவரும் என் விமானத்துக்குத்தான்.

"நீங்கள்லாம் வீட்டுக்குத் திரும்புறீங்களா?" என்று மாமனாரிடம் கேட்கிறேன்.

"இல்லண்ணே, இதே வேன்ல கோயமுத்தூர்ல ஒரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறோம். அவருக்கு முந்திப் போயி ஏர்போர்ட்ல மாலையோட நிப்போம்."

"எனக்கு ஒரு சீட் கிடைக்குமா?"

"ஒண்ணு காலியாத்தான் கிடக்கு. காலையிலருந்து மாப்பிள்ளையும் அதைத்தான் கேக்குறாரு. மருமகனை வேன்ல கூட்டிப் போனா நம்ம மரியாதை என்னாகுறது?"